நெடுந்தீவுக்கு இரண்டு கமராக்கள்

பிரயாணத்துக்கு நாள் குறித்துவிட்டால் வீட்டிலே முதலில் எழுவது மூட்டை முடிச்சுப் பற்றிய வழக்கேயாகும். குடை வேண்டுமா, வேண்டாமா? கட்டுச்சோற்றை வாழையிலையிற் கட்டுவதா, பாத்திரத்தில் எடுப்பதா? இவற்றுக்கெல்லாம் இல்லத்தரசியாரின் தீர்ப்பே முடிந்த முடிபு. ஆயினும் அவராலும் எளிதிலே தீர்க்கவொண்ணாத வழக்கொன்று பல வீடுகளில் உண்டு. "எந்தக் கமராவைக் கொண்டு போவது?" என்பதே அது. கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வந்துபோன உறவினர் விட்டுச் சென்ற பெரிய டி.எஸ்.எல்.ஆர். கமரா ஒன்று அலுமாரியின் மேற்றட்டில் இருக்கும். பிள்ளைகள் வாங்கிய கையடக்கக் கமரா ஒன்று மேசை இழுப்பறையிற் கிடக்கும். பெரியதே சிறந்தது என்பார் ஒருவர். சுமையைச் சுமப்பவர் யார் என்பார் மற்றொருவர்.

நாமும் இவ்வழக்கில் ஒருமுறை வாதியாகவும் பிரதிவாதியாகவும் நின்றோம். அதன் தீர்ப்பை எமக்கு வழங்கியது நெடுந்தீவு. அக்கதையைக் கூறுவது, பிரயாணம் புறப்படவிருக்கும் வாசகர்களுக்குப் பயன்படலாம் என்று எண்ணுகின்றோம்.

2014 ஆம் ஆண்டு மாசி மாதம். எமது பெரியம்மாவுக்கு அப்பொழுது எண்பத்தொரு வயது. அவர் பிறந்து வளர்ந்தது நெடுந்தீவில். பத்தொன்பதாம் வயதில் மணமுடித்து வட்டுக்கோட்டைக்கு வந்தவர். யுத்தமும் இடப்பெயர்வும் குறுக்கிட்டமையால் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர் அத்தீவின் மண்ணை மிதிக்கவில்லை. "தம்பி, பிறந்த வீட்டை ஒருக்காற் பார்த்திட்டன் எண்டால் எனக்குப் போதும்" என்று அவர் பலமுறை கூறியிருந்தார். முழங்கால் நோவினால் நடையும் தளர்ந்து வந்தது. இனியும் தாமதிப்பது தகாது என்று நாள் குறித்தோம். அந்தப் பயணத்தைப் படங்களாக்கி வைக்க வேண்டும் என்ற ஆசையும் எமக்கு உண்டாயிற்று.

எம்மிடம் இருந்த பெரிய கமராவை, முதல் ஆண்டிலேதான் பாவித்த பொருளாக ஒருவரிடமிருந்து வாங்கியிருந்தோம். அதனுடன் மூன்று வில்லைகள். அன்றாடப் படங்களுக்கு 18-55 மில்லிமீற்றர். தூரத்துக் காட்சிகளுக்கு 55-200 மில்லிமீற்றர். மங்கிய வெளிச்சத்துக்கென 35 மில்லிமீற்றர், எப் 1.8. பை, பற்றறி முதலியவற்றைச் சேர்த்து நிறுத்தபோது தராசின் முள் இரண்டு கிலோவை எட்டிற்று. எமது மகளின் கையடக்கக் கமராவோ இருநூறு கிராம் அளவினது. அவளது சட்டைப் பையினுள் அடங்கிவிடும். "அப்பா, இது ஒன்று போதாதா?" என்று அவள் வினவினாள். "விளையாட்டுச் சாமான் வேறு, கமரா வேறு" என்று நாம் விடை பகர்ந்தோம். அந்த வார்த்தையைப் பின்னர் நாமே விழுங்க நேர்ந்தது. முழுவதையும் அல்ல, பாதியை.

உண்மையில் இது எமது வீட்டில் மாத்திரம் எழுந்த வழக்கன்று. படக்கலையுடன் கூடவே பிறந்தது. 1870, 1871 ஆம் ஆண்டுகளில் யோசப் லோட்டன் என்னும் ஆங்கிலேயர் அநுராதபுரத்திலும் பொலநறுவையிலும் சீகிரியாவிலும் இடிபாடுகளைப் படம்பிடித்தார். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டிலே மருந்து பூசி, அது ஈரமாக இருக்கும்பொழுதே படம்பிடித்து, அந்த இடத்திலேயே இருட்டில் வைத்துக் கழுவியெடுத்தல் வேண்டும். காட்டினூடே கமராவை மாத்திரமன்றி, இருட்டறையையும் சுமந்து செல்ல வேண்டியிருந்தது! பின்னர் 1900 ஆம் ஆண்டில் கொடாக் கம்பனியார் பிரௌனி என்னும் பெட்டிக் கமராவை ஒரு டொலருக்கு விற்றனர். 1925 இல் ஜெர்மனியின் லைக்கா, நல்ல படத்தைச் சிறிய கமராவிலும் பிடிக்கலாம் என்று காட்டிற்று. 2003 இல் வெளிவந்த கனன் 300டி, ஆயிரம் டொலருக்கும் குறைந்த விலையில் டி.எஸ்.எல்.ஆரை இல்லங்களுக்குக் கொணர்ந்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் சுமைக்கும் தரத்துக்கும் இடையே இழுபறி நிகழ்ந்தே வந்திருக்கின்றது.

யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் ஏறிப் பண்ணைப் பாலத்தைக் கடந்தோம். இருமருங்கும் ஆழமற்ற பரவைக் கடல், ஆங்காங்கே வலை கட்டிய தடிகள், அவற்றின்மேல் நீர்க்காகங்கள். வேலணையைத் தாண்டிப் புங்குடுதீவின் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்து, அங்கே படகேறினோம். கடல் அமைதியாகத் தோன்றினாலும், கரையை விட்டு நீங்கியதும் காற்று எழுந்தது. அலை முகப்பில் மோதுந்தோறும் உப்புத் துவலை பக்கவாட்டில் வந்து விழுந்தது. எமது பெரிய கமராவைப் பிளாஸ்ரிக் உறையிற் சுற்றிப் பையினுள் வைத்து, பையை மடியில் அணைத்துக்கொண்டு இருந்தோம். உப்புநீர் மின்கருவிகளுக்குப் பகை. வில்லையைக் கழற்றி மாட்டும் கமராவுக்குள் அது புகுந்தால் வந்த செலவுக்கு அளவில்லை.

ஏறத்தாழ ஒரு மணி நேரம் சென்றிருக்கும். கடலின் விளிம்பிலே மெல்லிய கரிய கோடொன்று தோன்றிற்று. பெரியம்மா அதைக் கண்டார். யாரும் பிடிக்குமுன்னரே எழுந்து, கம்பியைப் பற்றிக்கொண்டு, முந்தானை காற்றிலே பறக்க நின்றார். வாய் எதையோ முணுமுணுத்தது. அந்த நிலை அரை நிமிடத்துக்கு மேல் நீடிக்கவில்லை. நாம் பையின் இழுவைப் பூட்டைத் தேடிக்கொண்டிருந்தோம். எமது மகளோ ஒரு கையாற் பெரியம்மாவின் இடுப்பைத் தாங்கியவாறே, மற்றக் கையாற் சட்டைப் பையிலிருந்த கமராவை எடுத்து இரண்டு படங்களைப் பிடித்து, மீண்டும் பையினுள் இட்டுவிட்டாள். அவள் விழுங்கச் செய்த பாதி வார்த்தை அதுவே.

நெடுந்தீவில் இறங்கினோர் முதலிற் காண்பது கல்வேலிகளை. எமது ஊர்களிலே கிடுகும் கதியாலும் வேலியாவது போல, அங்கே பவளக் கற்கள் வேலியாகின்றன. சாந்து எதுவும் பூசாமல், கல்மேற் கல்லாக அடுக்கி, மார்பளவு உயர்த்தியிருக்கின்றனர். காலை வெயிலில் ஒவ்வொரு கல்லின் துளையிலும் சிறு நிழல் விழுந்து, வேலி முழுவதும் பின்னல் வேலை போலத் தோன்றும். இந்த அழகிலே மயங்கினோம். முச்சக்கரவண்டியை நிறுத்தி, வில்லையை மாற்றி, முழந்தாளிட்டு, ஒரு வேலியை ஒன்பது படங்கள் பிடித்தோம். வண்டியினுள்ளே வெயிலில் இருந்த பெரியம்மா பொறுத்துப் பார்த்தார். பின் ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, நீ படம் பிடிக்க வந்தனியோ, என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனியோ?"

நாணினோம். சாரதி வேறு புறம் பார்த்துச் சிரித்தார்.

கிணற்றடியிலும் ஒரு பாடம் கற்றோம். தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், பெரியம்மாவின் தங்கையுடன் ஒரே வகுப்பிற் படித்தவர் என்பது பேச்சினிடையே தெரிய வந்தது. இருவரும் கைகளைப் பற்றிக்கொண்டனர். நாம் அனுமதி கேட்டுப் பெரிய கமராவை உயர்த்தினோம். அந்த அம்மையார் உடனே சேலையைச் சரிசெய்து, உதடுகளை இறுக்கி, அடையாள அட்டைக்கு நிற்பவர்போல நின்றுவிட்டார். சற்றுப் பொறுத்து மகள் தனது சிறு கமராவை இடுப்பளவில் வைத்துக்கொண்டே, "ஆச்சி, ஒன்று எடுக்கட்டுமா?" என்று கேட்டபோது, "எடன் பிள்ளை" என்று கூறிவிட்டு அவர் பேச்சைத் தொடர்ந்தார். கருவி பெரிதாயின் எதிரே நிற்பவரும் தம்மைப் பெரிதாக்கிக்கொள்ள முயல்வார் போலும். உறவினர் முகங்களைப் பிடிக்கச் செல்வோர் இதனை மனத்திற் கொள்ளல் நன்று.

இவ்வளவில் நிறுத்தினால் கதை ஒருதலைப்பட்சமாகிவிடும். தீவின் தெற்கே விரிந்துள்ள புல்வெளியில் எமது முறை வந்தது. நெடுந்தீவின் குதிரைகளை அறியாதார் யார்? போர்த்துக்கேயர் காலத்தில் வந்து, ஒல்லாந்தர் காலத்திற் பெருகியவற்றின் வழித்தோன்றல்கள் என்று அவற்றைக் கூறுவர். உயரத்திற் குறைந்தவை, கட்டுக்கு அடங்காதவை. மாரி கழிந்த மாசியாதலின் புல் பசுமையாக இருந்தது. குட்டிகள் தாயின் வயிற்றுடன் ஒட்டி நின்றன. நாம் ஓரடி எடுத்து வைத்தால் அவை ஈரடி விலகின. மகள் தனது கமராவின் சூமை முற்றாக நீட்டினாள், ஐந்து மடங்கு. குதிரை படத்திலே சிறு பொம்மையளவே தெரிந்தது. அதற்கும் மேலே 'டிஜிற்றல் சூம்' என்று ஒன்று அதில் உண்டு. அது தூரத்தை அருகாக்குவதன்று. படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெருப்பிப்பது மாத்திரமே. அத்துடன் நண்பகல் வெயிலிலே பின்புறத் திரையில் எதுவும் தெரியவில்லை. அவள் பொத்தானை அழுத்தி, கமரா இலக்கைத் தேடித் தெளிவாக்கி முடிப்பதற்குள் குட்டி திரும்பிவிட்டது.

பெரிய கமராவில் இத்தொல்லைகள் இல்லை. அதனுள்ளே இருக்கும் கண்ணாடி, வில்லையினூடே வரும் காட்சியை அப்படியே கண்ணுக்குக் காட்டுகின்றது. வெயில் எவ்வளவு காய்ந்தாலும் அது மங்குவதில்லை. தெளிவு காணும் பொறிமுறையும் விரைவானது. 200 மில்லிமீற்றர் வில்லை அக்கமராவில், பழைய பிலிம் கமராவின் 300 மில்லிமீற்றர் வில்லைக்கு ஒப்பான பார்வையைத் தரும். மகளின் கமராவோ 140 மில்லிமீற்றரோடு நின்றது. தாயும் குட்டியும் ஒருசேரத் தலை நிமிர்ந்த கணத்தைப் பிடித்தோம். பிடரி மயிரின் இழைகள்கூட அதிலே எண்ணத்தக்கனவாக இருந்தன. பெரியம்மாவும் அப்படத்தைக் கண்டு, "இப்பதான் நீ ஒரு படம் எடுத்திருக்கிறாய்" என்று மெச்சினார்.

அடுத்துப் பெருக்கு மரத்தடிக்குச் சென்றோம். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தை அராபிய வணிகர் கொண்டுவந்தனர் என்பர். யானையின் கால் போன்ற அடிமரம். அதன் பொந்தினுள் ஆட்கள் நுழைந்து நிற்கலாம். இங்கே இரு கமராக்களும் சமமாயின. அகன்ற காட்சியும் நல்ல வெயிலும் இருக்குமிடத்தில், அஞ்சலட்டை அளவிலே அச்சிட்டுப் பார்த்தால், எது எந்தக் கமராவின் படம் என்று எம்மாலேயே கூற இயலவில்லை. பிரயாணிகள் பிடிக்கும் படங்களிற் பெரும்பாலானவை இத்தகையனவே என்பதையும் இங்கே கூறிவைக்கின்றோம்.

இனிக் கூறவிருப்பதே எமக்கு இன்றும் வருத்தம் தருவது. பெரியம்மாவின் பிறந்த வீட்டை அடைந்தபொழுது பிற்பகல் ஆகிவிட்டது. உறவுமுறையான ஒரு குடும்பத்தினர் அங்கே வசித்தனர், அன்புடன் வரவேற்றனர். தோள் வலியாலும், காலையில் வாங்கிய வசையாலும், "இனிப் போதும்" என்று பையை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினோம். சாரதி உணவுண்ணச் சென்றார். வண்டியும் பையும் அவருடன் சென்றன. வீட்டின் உள்ளறை சிறியது, சாளரம் ஒன்றே, அதுவும் அரைவாசி சாத்தியது. சுவாமி படத்தின் முன்னே ஒரு விளக்கு. "இந்த அறைக்குள்ளைதான் நான் பிறந்தனான்" என்று கூறிப் பெரியம்மா நிலத்திலே அமர்ந்தார். முழங்கால் நோவையும் பொருட்படுத்தாது கால்களை மடித்து அமர்ந்தார். விளக்கின் ஒளி ஒரு கன்னத்தில் விழ, சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் படம்பிடித்தாள். முதற் படத்தில் பிளாஷ் வெடித்து முகம் சுண்ணாம்பாயிற்று. அறையின் இருளும் விளக்கின் ஒளியும் ஒருங்கே மறைந்தன. பிளாஷை நிறுத்திப் பிடித்த படங்கள் யாவும் கலங்கியும், மணல் தூவியதுபோலப் புள்ளி மண்டியும் வந்தன. அவளில் குற்றமில்லை. பிலிம் இருந்த இடத்திலே இக்காலக் கமராக்களில் ஒளியை ஏற்கும் உணரி என்னும் சில்லு இருக்கின்றது. அவளது கமராவில் அது ஏறத்தாழ 6.2 மில்லிமீற்றர் நீளமும் 4.6 மில்லிமீற்றர் அகலமும் கொண்டது. சிறுவிரல் நகத்திலும் சிறியது. எமது கமராவிலோ 23.5 மில்லிமீற்றருக்கு 15.6 மில்லிமீற்றர். பரப்பிலே பதின்மூன்று மடங்கு. மழையைப் பிடிக்க ஒருவர் சிரட்டையையும் மற்றவர் அண்டாவையும் வைத்ததற்கு ஒப்பாகும் இது. அதன்மேல் எப் 1.8 வில்லையையும் பூட்டியிருந்தால், ஒரே நேரத்தில் ஏறத்தாழ முப்பது மடங்கு ஒளியைச் சேர்த்திருக்கலாம். அந்த வில்லையை நாம் வாங்கியதே இத்தகைய அறைகளுக்காகத்தான். அது அப்பொழுது ஒரு கடை வாசலிலே, வண்டியின் பின்னாசனத்தில் இருந்தது.

பெரியம்மா 2017 ஆம் ஆண்டில் இயற்கை எய்தினார். முப்பத்தோராம் நாளுக்குப் படம் வேண்டும் என்றபொழுது, குடும்பத்தவர் அனைவரும் ஒருமுகமாகக் காட்டியது படகிலே மகள் பிடித்த படத்தை. அதனைப் பெருப்பிக்கலாமா என்று நாம் ஐயுற்றோம். பன்னிரண்டு மெகாபிக்சல் கொண்ட அப்படம் நீளத்தில் 4000 புள்ளியும் அகலத்தில் 3000 புள்ளியும் உடையது. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் கொண்டால் பன்னிரண்டுக்குப் பத்து அங்குல அச்சுக்கு அது தாராளமாகப் போதும். நல்ல வெயிலிற் பிடித்ததாகையால் குறையின்றி வந்தது. இன்றும் அது எமது வீட்டு மண்டபத்தில் தொங்குகின்றது. கீழே கடலும், பறக்கும் முந்தானையும், கம்பியைப் பற்றிய கையும். குதிரைகளின் படம் அடுத்த சுவரில் இருக்கின்றது. உள்ளறையின் படம் மாத்திரம் எம்மிடம் இல்லை. கலங்கியவற்றில் ஒன்றை மகள் அழிக்காமல் வைத்திருக்கின்றாள். அதிலே இருப்பவர் யார் என்பதை நாங்கள் கூறினாலன்றிப் பிறர் அறியார்.

அந்த ஆண்டுகளுக்குப் பின்னர் கமரா உலகமும் மாறிவிட்டது. வெயிலிற் பிடிக்கும் சாதாரணப் படங்களுக்குச் சிறு கமராவின் வேலையைக் கைத்தொலைபேசி ஏற்றுக்கொண்டது. கண்ணாடி பொருத்திய டி.எஸ்.எல்.ஆரின் இடத்தை, கண்ணாடியில்லாத புதுவகைக் கமராக்கள் பெற்றுவிட்டன. இதனாலே பழைய டி.எஸ்.எல்.ஆர். கமராக்கள் பாவித்த பொருளாக மலிவான விலைக்கு வருகின்றன. 2018 இல் வந்த நிக்கொன் டி3500 போன்றவை, பற்றறியுடன் 415 கிராம் அளவில் எடை குறைந்தும் உள்ளன. கையடக்கக் கமராவிலும் இடைப்பட்ட வகையொன்று உண்டு. 2012 இல் வெளிவந்த சொனி ஆர்.எக்ஸ். 100 இன் உணரி 13.2 மில்லிமீற்றருக்கு 8.8 மில்லிமீற்றர், மகளின் கமராவைப்போல நான்கு மடங்கு பரப்பு. எடையோ 240 கிராம் மாத்திரமே. விலை சற்று அதிகமாயினும், ஒன்றையே சுமக்க விரும்புவோர்க்கு இவ்வகை பொருத்தமானது.

ஆயினும் பெயர்களும் இலக்கங்களும் மாறும், வழக்கு மாறாது. எனவே புறப்படுமுன் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, யாருடன் செல்கின்றீர்கள்? கைக்குழந்தையோ முதியவரோ உடன் வந்தால், உங்கள் ஒரு கை அவர்களுக்கே உரியது. மற்றக் கையால் இயக்கத்தக்கதே உங்கள் கமரா. இரண்டாவது, எதைப் பிடிக்கப் போகின்றீர்கள்? முகங்களும் கட்டடங்களும் கடற்கரையும் என்றால் சிறியது போதும். பறவை, விலங்கு, இருண்ட கோயில் மண்டபம், விளக்கொளி என்றால் பெரியதற்கு ஈடில்லை. மூன்றாவது, நாள் முழுவதும் சுமப்பீர்களா? உண்மையைக் கூறுங்கள். வண்டியிலே விட்டுவிடக்கூடிய கமரா வீட்டிலே விட்ட கமராவுக்குச் சமம். பெரியதையே கொண்டுசெல்வதாயின் வில்லை ஒன்றையோ இரண்டையோ மாத்திரம் எடுங்கள். பையைத் தவிர்த்துத் தோளிலே மாட்டுங்கள். படகிலும் மணற்கரையிலும் வில்லையை மாற்றாதீர்கள். சிறியதைக் கொண்டுசெல்வோரும் மணலுக்கு அஞ்சவேண்டும். முன்னே நீண்டு சுருங்கும் அதன் வில்லைக்குழாயில் ஒரு மணல் புகுந்தாலும் அது இறுகிவிடும்.

இப்பொழுது எமது வீட்டில் வழக்கு இல்லை. மகளிடம் சிறியது, எமது தோளிலே பெரியது, 35 மில்லிமீற்றர் வில்லை ஒன்றுடன் மாத்திரம். குதிரைகளைக் கண்டால் கண்ணாற் பார்த்து மகிழ்கின்றோம். யாரேனும் ஒரு வீட்டினுள்ளே அழைத்தால், கமராவை வாசலில் விட்டுச் செல்வதில்லை.

நெடுந்தீவுக்குச் செல்ல விரும்பும் அன்பர்கள், கடல் கொந்தளிக்கும் சோளகக் காலத்தைத் தவிர்த்து, தை, மாசி மாதங்களில் செல்வது நன்று. குடையும் குடிநீரும் எடுத்துச் செல்லுங்கள். முதல்நாள் இரவே பற்றறிக்கு மின்னேற்ற மறவாதீர்கள்.